காலணியின் வரலாறும் நம் கால்களின் வரலாறும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று பள்ளியில் முதற்பாடமாகக் கற்பிக்கிறோம். இவற்றுள் உடை என்பது தலைப்பாகையில் தொடங்கிக் காலணியில் முடிவது. ஆயினும் காலணியைப் பற்றி எழுதவோ பேசவோ நம்மில் பலர் கூசுகின்றனர். ‘செருப்பு’ என்னும் சொல்லை அவையில் உச்சரிப்பதே நாகரிகக் குறைவு என்ற எண்ணம் நெடுங்காலமாக ஊறிக் கிடக்கிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், அது செருப்பின் மீது கொண்ட கூச்சமன்று, செருப்பைத் தைத்தவர் மீது கொண்ட வெறுப்பே என்பது விளங்கும்.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என விழாக் குழுவினர் பணித்தனர். மன்னர்களின் போர்களைப் பற்றியும் கோட்டை கொத்தளங்களைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். நான் நம் இளைஞர்கள் நாள்தோறும் ஆர்வத்துடன் பேசுகின்ற பொருளையே எடுத்துக்கொண்டேன். ஆடவர் அணியும் செருப்பும் ஷூவும் விளையாட்டு உடையுமே அப்பொருள். “ஒரு ஜோடி ஷூவுக்கு இத்தனை ஆயிரமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். “நன்றாக அணிந்தால் என்ன தவறு?” என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் வரலாற்றில் விடை உண்டு.

காலணியின் தொன்மை

காலணி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபோர்ட் ராக் குகையில், ஒருவகைப் புதர்ச்செடியின் பட்டையைப் பின்னிச் செய்த மிதியடிகள் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஆர்மீனிய நாட்டின் ஒரு குகையில் 2008-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தோல் ஷூ சுமார் 5,500 ஆண்டுகள் பழமையானது. ஒரே தோல் துண்டை மடித்து, வார் கொண்டு இழுத்துக் கட்டிய அதன் அமைப்பு, இன்றைய ஷூவின் அமைப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

தமிழிலும் ‘தொடுதோல்’ என்னும் பழஞ்சொல் உண்டு. காலணி என்பது அதன் பொருள். செருப்பு, மிதியடி, பாதரட்சை, பாதுகை என்று பிற சொற்களும் வழங்கின. இராமகாதையில் பரதன் அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்து ஆட்சி நடத்தினான் என்பது நாடறிந்த கதை. ஒருவன் காலில் கிடந்த பாதுகை அரியணை ஏறியது. அதே நாட்டில், தோலைப் பதனிட்டுக் காலணி தைத்துக் கொடுத்தவன் ஊரின் எல்லைக்குள் குடியிருக்க இடம் பெறவில்லை. பொருள் வணங்கப்பட்டது, செய்தவன் விலக்கப்பட்டான். இந்த முரண்பாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

தடுக்கப்பட்ட கால்கள்

காலணி அணிவது ஒருவனுடைய வசதியைப் பொறுத்தது என்றே இன்றைய இளைஞன் எண்ணுவான். முன்னாளில் அது வசதியைப் பொறுத்ததாக இல்லை. பிறப்பைப் பொறுத்ததாக இருந்தது. செருப்பு வாங்கப் பணமிருந்தும் அணிய உரிமையில்லாத நிலையில் நம் முன்னோர் வாழ்ந்தனர். ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையிலோ கக்கத்திலோ இடுக்கிக்கொண்டு, தெருவைக் கடந்த பின்னரே மீண்டும் காலில் மாட்டிக்கொண்ட பெரியவர்கள் அண்மைக் காலம் வரை நம்மிடையே வாழ்ந்தார்கள்.

இது வாய்வழிச் செய்தி மட்டுமன்று. எழுத்தில் பதிவான வரலாறு. 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகைகள் அணியலாகாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. சட்டையோ பனியனோ போடலாகாது. முடியை வெட்டிக்கொள்ளலாகாது என்று அந்தத் தடைகள் நீண்டன. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, காலில் செருப்பு அணியலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன. 1931-ஆம் ஆண்டில் தடைகளின் எண்ணிக்கை பதினொன்றாக உயர்ந்தது. அந்த ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமையேற்ற ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

இன்று ஒரு பனியனையும் ஒரு ஜோடிச் செருப்பையும் அணிந்து கடைத்தெருவுக்குச் செல்லும் இளைஞன், மேற்கண்ட தடைகளுள் எத்தனையைத் தன்னை அறியாமலே உடைத்துக்கொண்டு நடக்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செருப்புக்கு விதித்த தடை மானத்தை மட்டும் பறிக்கவில்லை, உடல்நலத்தையும் பறித்தது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுபவை. குடலைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுபவை. அதனால் சோகை உண்டாகும். உழைக்கும் ஆற்றல் குன்றும். பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படும். சேற்றிலும் வயலிலும் வெறுங்காலுடன் உழைக்குமாறு விதிக்கப்பட்டவர்களை, ‘சோம்பேறிகள், வலுவற்றவர்கள்’ என்று பின்னர் ஏசியதும் அதே சமூகந்தான்.

இத்தடைகளை நம் மக்கள் அமைதியாக ஏற்றுக்கொண்டிருந்தனர் என்று எண்ணலாகாது. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-ஆம் ஆண்டில் வெள்ளாடை உடுத்தித் தலைப்பாகை கட்டி, மாட்டு வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றார். சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-ஆம் ஆண்டு கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுவிடங்கள் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அரசின் அறிவிப்பாயிற்று. மகாராட்டிர மாநிலம் மகாடில் 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் கூடிய மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் உடையைப் பற்றியே தனியாகப் பேசினார். தீண்டத்தகாதோர் என்று அடையாளம் காட்டும் வகையில் உடுத்துவதையும் நகை அணிவதையும் விட்டொழித்து, தூய்மையாகவும் முழுமையாகவும் உடுத்துமாறு அறிவுறுத்தினார். அவரே இறுதிவரை கோட்டும் சூட்டும் ஷூவுமாகத் தோன்றியதை ஆடம்பரம் என்று கருதியவர்கள், மேலே கூறிய எட்டுத் தடைகளை அறியாதவர்கள்.

1950-ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்கு வலிமை சேர்த்தன. 2015-ஆம் ஆண்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவருக்குச் செருப்பு மாலை அணிவித்து இழிவுபடுத்துவது குற்றமென வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டிலும் அத்தகைய விதி தேவைப்பட்டது என்பதே, சட்டம் போகவேண்டிய தொலைவைக் காட்டும்.

தோலும் தொழிலாளியும்

இனி, காலணியின் மூலப்பொருளாகிய தோலின் வரலாற்றைச் சிறிது காண்போம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு, திருச்சி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் கத்தியால் வழித்து நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்திப் பதனிடுவது நம் நாட்டு முறை. இவ்வாறு பாதி பதனிட்ட தோல் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேல்தோலாகச் சென்னை மாகாணத்துத் தோல் பெருமளவில் பயன்பட்டது.

சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடரும் அருந்ததியருமாகிய நம் மக்களே. அவர்கள் பதனிட்ட தோல் பிரெஞ்சு நாட்டுப் போர்க்களத்தில் படைவீரர்களின் கால்களைக் காத்தது. அப்போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், அதே மாகாணத்தில், அதே மக்கள் செருப்பு அணியலாகாது என்ற தடை விதிக்கப்பட்டது. இதனினும் கொடிய முரண்பாட்டை வரலாற்றில் தேடிக் காண்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையை அறிமுகம் செய்தார். பல வாரங்கள் எடுத்த வேலை சில நாட்களில் முடிந்தது. அம்முறையைக் கையாண்ட குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயராலேயே குரோம்பேட்டை வழங்கலாயிற்று. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1970-களில் நடுவண் அரசு பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலும், ஷூவின் மேற்பகுதியும், பின்னர் முழு ஷூவும் இங்கேயே செய்யப்படலாயின. ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர்.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. குரோம் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்துவோரே அதற்கான ஈட்டுத்தொகையைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தனர். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் பொருளாகக் கொண்ட டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நம் இளைஞர்கள் அதைத் தேடிப் படித்தல் வேண்டும்.

இன்னொரு நற்செய்தியும் வேலூர் மண்ணுக்கு உண்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் உண்டாகாமல் காக்க, டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நுண்துளை ரப்பர் அடித்தட்டுக் கொண்ட செருப்புகளை உருவாக்கினர். நீரிழிவு நோயாளிகளுக்கு இன்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மென்மையான செருப்பு அவ்வழியில் வந்ததே. செருப்பு ஒரு மருந்தாகவும் ஆகும் என்பதற்கு இது சான்று.

இயந்திரமும் ஓர் இளைஞனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மேலைநாடுகளில் ஷூக்கள் பெரும்பாலும் இடக்கால், வலக்கால் என்ற வேறுபாடின்றியே செய்யப்பட்டன. அணிந்து அணிந்துதான் அவை காலுக்கு இசையும். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறையைக் கண்டார். அதுவே ரப்பர் அடித்தட்டுக்கும், துணியால் ஆன கான்வாஸ் ஷூவுக்கும் வழி வகுத்தது.

ஷூவின் மேற்பகுதியைக் கால் வடிவக் கட்டையின் மீது இழுத்துப் பொருத்தி அடித்தட்டுடன் இணைப்பதே இத்தொழிலில் கடினமான வேலை. அதைக் கைதேர்ந்த தொழிலாளர் மட்டுமே செய்ய இயலும்; எந்த இயந்திரத்தாலும் இயலாது என்று அனைவரும் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் யான் மட்செலிகர் என்னும் கருப்பின இளைஞர். தென் அமெரிக்காவில் அன்று டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த சூரிநாமில் 1852-இல் பிறந்தவர். அமெரிக்காவின் லின் நகரில் ஷூ தொழிற்சாலையில் கூலிவேலை செய்துகொண்டே, இரவில் ஆங்கிலமும் பொறியியலும் பயின்றார். நிறத்தைக் காரணம் காட்டித் தேவாலயங்களே அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. பல ஆண்டுகள் உழைத்து 1883-இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் கையால் நாளொன்றுக்கு ஐம்பது ஜோடி செய்த இடத்தில், அவ்வியந்திரம் நூற்றைம்பது முதல் எழுநூறு ஜோடி வரை செய்தது. ஷூவின் விலை குறைந்தது. ஏழையும் வாங்கும் பொருளாயிற்று. மட்செலிகரோ காசநோயால் 1889-இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார்.

மட்செலிகரின் பெயரை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். தொழிலாளி அத்தொழிலின் அறிவியலைக் கற்றால் உலகத்தின் கால்களையே மாற்றலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பின்னர், 1894-இல் இன்றைய செக் நாட்டின் ஸ்லின் நகரில் தோன்றிய பாட்டா நிறுவனம் 1930-களில் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவுக்கு அருகில் பாட்டா நகரை அமைத்தது. உடற்பயிற்சி வகுப்புக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ அணியும் வழக்கம் நம் பள்ளிகளில் பரவியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு.

விளையாட்டுக் களத்தில்

விளையாட்டுக் களத்திலும் காலணிக்கும் சாதிக்கும் தொடர்புண்டு. தோல் தொழிலோடு சேர்த்து எண்ணப்பட்ட சமார் சமூகத்தில் 1876-இல் பிறந்தவர் பல்வங்கர் பாலு. பூனாவில் ஐரோப்பியரின் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, வலைப்பயிற்சியில் பந்து வீசியே தேர்ச்சி பெற்றார். பின்னர் இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் வீசிய பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு மட்டும் கட்டடத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் தம் அணிக்குத் தலைவராகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிட்டியது.

அதே 1911-ஆம் ஆண்டு சூலையில், கல்கத்தாவின் மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று கேடயம் பெற்றது. வென்ற பதினொருவருள் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி 1-2 என்று தோற்றனர். 1952 ஹெல்சிங்கியில் யூகோசுலாவியாவிடம் 1-10 என்று தோற்ற பின்னரே பூட்சு அணிவது கட்டாயமாயிற்று. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960-இல் ரோம் நகரின் கல்பாவிய தெருக்களில் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். வெறுங்காலின் பெருமையைப் பேசுவோர் இந்த இரண்டாம் ஓட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். விரும்பி வெறுங்காலுடன் ஓடுவது வேறு. ஷூ கிடைக்காமல் ஓடுவது வேறு. அணியாதே என்று பிறர் தடுத்ததால் ஓடுவது முற்றிலும் வேறு.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கருப்பினத்தை இழிவாகக் கருதிய ஹிட்லரின் கண்ணெதிரே ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். ஆணி பதித்த ஓட்டக் காலணியை அவருக்கு அளித்தவர் ஜெர்மானியரான அடி டாஸ்லர். இவரும் இவர் அண்ணன் ருடால்ஃபும் பின்னர் பிரிந்து, ஒரே சிற்றூரில் அடிடாஸ், பூமா என்னும் இரு நிறுவனங்களைத் தொடங்கினர். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1971-இல், வாஃபிள் என்னும் பணியாரம் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றிக் கட்டம் கட்டமான அடித்தட்டை அமைத்தார். அதுவே நைக்கி நிறுவனத்தின் புகழுக்கு அடித்தளமாயிற்று. இன்று அந்நிறுவனத்தின் ஷூக்கள் நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில், தைவான் நாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன.

விளையாட்டு உடையின் வரலாறு இழையின் வரலாறாகும். 1935-இல் நைலானும், 1941-இல் பாலியெஸ்டரும், 1958-இல் ரப்பர்போல் நீளும் ஸ்பாண்டெக்ஸ் இழையும் கண்டுபிடிக்கப்பட்டன. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், ஆகவே கனக்கும். பாலியெஸ்டர் பின்னலாடை ஈரத்தை மேற்பரப்புக்குக் கடத்தி விரைவில் உலரும். பனியனுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் இன்று இவ்விருவகை ஆடைகளையும் உலகுக்கு அனுப்புகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

வரலாற்றை அறிந்த பின் நடைமுறைக்கு வருவோம். தலைமையாசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் விளையாட்டு விழாக்களில் மாணவர்களின் கால்களைக் கவனித்து வருபவன் நான். அளவு பொருந்தாத ஷூவால் வரும் கொப்புளமும், வழுக்கும் அடித்தட்டால் வரும் சுளுக்கும் பல நல்ல ஓட்டக்காரர்களைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, அளவு. மாலை வேளையில் கால் சற்றுப் பருத்திருக்கும். அப்போதே ஷூ வாங்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய காலுக்கு ஏற்ப வாங்குக. அணியப்போகும் காலுறையை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று பார்க்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் நழுவலாகாது. நம் நாட்டில் வழங்கும் எண் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கே. “அணிந்தால் தளர்ந்துவிடும்” என்று கடைக்காரர் கூறுவதை நம்பி இறுக்கமானதை வாங்கலாகாது.

இரண்டாவது, உறுதி. ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நடுவில் மடங்குமாயின் அது பயன்படாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி அழுத்தினால் நசுங்காமல் உறுதியாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பயன். ஓட்ட ஷூ முன்னோக்கிச் செல்வதற்கு அமைந்தது. கைப்பந்து, பூப்பந்து, பாய் மீது ஆடும் கபடி ஆகியவற்றில் கால் பக்கவாட்டில் நகரும். அவற்றுக்குத் தட்டையான, பிடிப்புள்ள ரப்பர் அடித்தட்டு வேண்டும். உயர்ந்த ஓட்ட ஷூவை அணிந்து கபடி ஆடினால் கணுக்கால் புரளும். கால்பந்துக்குரிய குமிழ் பதித்த பூட்சைத் தார்ச்சாலையில் அணியலாகாது.

நான்காவது, நேர்முகத் தேர்வுக்கும் அலுவலகத்துக்கும் உரிய ஷூ. நாடா கட்டும் எளிய கருப்புத் தோல் ஷூ ஒன்று போதும். அது எல்லா உடைக்கும் ஏற்றது. இடுப்பு வாரும் ஷூவும் ஒரே நிறத்தில் இருப்பின் தோற்றம் சிறக்கும். உண்மைத் தோலின் வெட்டுவாயில் நாரிழைகள் தெரியும். ரெக்சினில் துணிப் பின்புலம் தெரியும். தோல் ஷூ நனைந்தால் வெயிலில் காயவைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். வாரம் ஒருமுறை மெழுகு பூசினால் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஐந்தாவது, காலுறையும் உடையும். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி வென்றபோது, மழையில் காலுறை நனைந்ததால் தாண்டுவது கடினமாயிற்று என்று கூறினார். உலக அரங்கிலேயே ஒரு காலுறை அத்தனை வேறுபாடு செய்யுமானால், அதைச் சிறு பொருளென ஒதுக்கலாகாது. ஈரக் காலுறையை மீண்டும் அணியாமை, விளையாட்டு உடையை அன்றன்றே துவைத்தல், வெயிலில் ஆடும்போது வெளிர்நிற ஆடை, உடலை இறுக்காத அளவு ஆகியவை பணச் செலவின்றிக் கடைப்பிடிக்கத்தக்கவை.

இறுதியாக, விலை. பெயர்பெற்ற முத்திரையை ஒட்டிய போலி ஷூவை வாங்குவதினும், பெயரில்லாத நல்ல ஷூவை வாங்குவது மேல். போலி முத்திரை பார்ப்பவரை ஏமாற்றலாம். காலை ஏமாற்ற முடியாது. கல்விக் கட்டணம் நிலுவையில் இருக்கும்போது, கடன் பட்டு ஆடம்பர ஷூ வாங்குவது வரலாற்றை மறந்த செயலாகும். அதேபோல், வருவாய் உள்ள இளைஞன் தன் தகுதிக்கேற்ப நன்றாக அணியும்போது, “உனக்கு இது தேவையா?” என்று நாமே கேட்பதும் பொருந்தாது. அந்தக் கேள்வியை 1930-இல் நம்மிடம் பிறர் கேட்டார்கள். நம் பிள்ளைகளிடம் நாமும் கேட்கலாகாது.

இளைஞர்களுக்கு

தமிழ்நாடு அரசு 2022-இல் காலணி மற்றும் தோல் பொருட்களுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. தோலல்லாத விளையாட்டுக் காலணித் தொழிற்சாலைகளும் நம் மாநிலத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அங்கே வேலைக்குச் செல்வோருள் நம் பிள்ளைகள் மிகப் பலர். அவர்கள் தையல் இயந்திரத்தின் முன்னும் பசை பூசும் மேசையின் முன்னும் மட்டுமே அமர வேண்டும் என்பது விதியன்று. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். பட்டப்படிப்பு உண்டு. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் உள்ளது. காலணி வடிவமைப்பு, இயந்திரவியல், வேதியியல், ஏற்றுமதி வணிகம் ஆகிய துறைகள் திறந்து கிடக்கின்றன. குழியில் இறங்கிய பாட்டனின் பேரன் ஆய்வகத்தில் ஏறி நிற்பதே இவ்வரலாற்றின் அடுத்த அதிகாரமாக வேண்டும்.

‘இது இழிதொழில், இதன் பக்கமே போகாதே’ என்று கூறும் பெற்றோரின் மனவேதனையை நான் அறிவேன். அவர்கள் பட்ட துன்பம் அத்தகையது. பிறப்பால் ஒரு தொழிலைச் சுமத்துவது அடிமைத்தனம். அதிலிருந்து வெளியேறி மருத்துவராகவோ ஆசிரியராகவோ ஆட்சியராகவோ ஆவது நம் பிள்ளைகளின் உரிமை. அறிவால் தேர்ந்து அதே தொழிலின் தலைமையைக் கைக்கொள்வதும் அவர்களின் உரிமையே. இரண்டுக்கும் வாயில் ஒன்றுதான், அது கல்வி. அந்த வாயிலைத் திறந்து வைப்பதற்காகவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறது.

ஆகவே இளைஞர்களே, நல்ல காலணியை அணியுங்கள். அளவறிந்து, பயனறிந்து, விலையறிந்து அணியுங்கள். எந்தத் தெருவிலும் அதைக் கழற்றாமல் நடங்கள். நடக்கும்போது, அது எவர் கையால் ஆனது என்பதையும், எத்தனை பேர் வெறுங்காலுடன் நடந்து நமக்கு அந்த உரிமையைப் பெற்றுத் தந்தனர் என்பதையும் உங்கள் தம்பி தங்கையருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.